மூன்று மூலை ஓட்டை

பழைய பேட்ஜ் சேகரிக்கும் எங்கள் சங்கத்தின் தலைவர் வெல்வெட் என்னிடம் கேட்டாரா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. கேட்டதாக அவர் சொல்கிறார். சங்க அறையில், ஜன்னல் ஓரம், பேட்ஜை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இதைக் கொஞ்சம் சரி பண்ணிடட்டுமா தம்பி?" என்று கேட்டாராம். நான் ஒன்றும் சொல்லாததால் சரி என்று எடுத்துக்கொண்டாராம். எனக்கு அந்த ஜன்னல் ஞாபகம் இருக்கிறது. கீழே லாரியிலிருந்து யாரோ தகரங்களை இறக்கிப் போட்டுக்கொண்டிருந்த சத்தமும் ஞாபகம் இருக்கிறது. கேள்வி மட்டும் ஞாபகத்தில் இல்லை. சத்தத்தில் காதில் விழாமல் போயிருக்கலாம். விழுந்தும் நான் பேசாமல் நின்றிருக்கலாம். அதுவும் என் வழக்கம்தான். நான் ஒரு பதிலை யோசித்து முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்.

ஆனால் ஒன்று. ஒருவன் வாயைத் திறக்கவில்லை என்றால் அவன் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். அந்த இடத்தில் தனக்கு வேண்டியதை எழுதிக்கொள்ள யாருக்கும் உரிமை கிடையாது.

நான் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படிப்பவன். மீட்டர்கள் எப்போதும் வீட்டின் பின்பக்கத்தில், யாரும் விருந்தாளிக்குக் காட்டாத இடத்தில்தான் இருக்கும். அங்கேதான் பழைய பொருள்களும் இருக்கும். என்னுடைய முதல் பேட்ஜை ஒரு மீட்டர் பெட்டியின் மூடியில் கண்டெடுத்தேன். உடைந்துபோன கொக்கிக்குப் பதிலாக பேட்ஜின் ஊசியைச் செருகியிருந்தார்கள். நல்ல ஆணி ஒன்று கொண்டுவந்து கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டேன்.

அது யுத்த காலத்து ராணுவத் தலைமையகத்தின் பணியாளர் பேட்ஜ். வீரத்துக்குத் தரும் பதக்கம் அல்ல. தலைமையகத்தில் வேலை செய்த தட்டச்சர், சமையல்காரர், வரைபடம் போடுகிறவர், தொலைபேசி ஆபரேட்டர் எல்லோரும் சட்டைப் பைக்கு மேலே குத்திக்கொண்டது. அது இல்லாமல் வாசல் காவலாளி உள்ளே விடமாட்டான். கட்டைவிரல் அகலத்துக்குப் பித்தளை. மேலே எனாமல் பூச்சு. அதிகாரிகளின் அலுவலகத்துக்குச் சிவப்பு, சரக்குப் பிரிவுக்குப் பச்சை, தொலைபேசிப் பிரிவுக்கு நீலம். பின்னால் எண் அடித்திருக்கும்.

ஒருவரை முறைப்படி வேலையிலிருந்து விடுவிக்கும்போது, வாசல் அலுவலகத்தில் அந்த பேட்ஜை ஒரு கை அச்சில் வைத்து அழுத்துவார்கள். நடுவில் மூன்று மூலை உள்ள ஒரு சின்ன ஓட்டை விழும். பிறகு அவரிடமே கொடுத்துவிடுவார்கள். அதைக் காட்டி மறுபடி உள்ளே வர முடியாது, ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். எங்கள் சங்கத்தில் அந்த ஓட்டைக்குக் கண் என்று பெயர்.

யுத்தம் தோற்ற வாரத்தில் தலைமையகத்தில் பாதிப் பேர் சுவரேறிக் குதித்து ஓடினார்கள். அவர்களுடைய பேட்ஜில் கண் கிடையாது. பிடிபட்டுவிடுவோம் என்று பயந்து பெரும்பாலோர் அதை வழியிலேயே எறிந்துவிட்டதால் கண் இல்லாத பேட்ஜ் கிடைப்பது அபூர்வம். பேட்ஜின் முகப்பும் சுத்தமாக இருக்கும். அதனால் எங்கள் வட்டாரத்தில் கண் இல்லாததற்கு முழு விலை. கண் உள்ளதற்குக் கால் விலை. அதாவது, ஓடியவனுடையது முழு விலை, கடைசிவரை இருந்தவனுடையது கால் விலை. பன்னிரண்டு வருடம் இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு கோணலும் தெரியவில்லை. கண் உள்ள நான்கைக் கொடுத்து, கண் இல்லாத ஒன்றை வாங்கிக்கொண்டு, சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி வீட்டுக்கு நடந்திருக்கிறேன். வெல்வெட்டைத் திட்டும்போதெல்லாம் இந்த நடை எனக்கு ஞாபகம் வந்துவிடுகிறது. அதனாலேயே என் கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைக்கிறேன்.

என் அத்தை வீட்டு மீட்டரும் என் வார்டில்தான் வருகிறது. அப்பாவின் தங்கை. மாமா இறந்து அப்போது ஒன்பது வருடம். ஒருநாள் மீட்டரைப் படித்துவிட்டுச் சமையலறைக்குள் போனபோது, நூல்கண்டு வைக்கும் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"இந்தா, நீதான் இந்தத் தகரத்தையெல்லாம் பொறுக்கிட்டுத் திரியறியே. உங்க மாமாவோடது. நடுவுல ஓட்டை விழுந்துடுச்சு, ஒண்ணுக்கும் ஆகாது."

நீலம். நடுவில் மூன்று மூலை. நான் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். ஓட்டை வழியாக ஜன்னல் கம்பி தெரிந்தது.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"அத்தை, மாமா ஓடல."

"என்னது?"

ஓட்டையின் அர்த்தத்தைச் சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். நூல்கண்டு ஒன்று உருண்டு மேசைக்கடியில் போனது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.

அந்த வீட்டில் ஓடிப்போனவன் என்ற அந்த ஒரு வார்த்தை முப்பத்தெட்டு வருடமாக இருந்தது. மாமா தொலைபேசி ஆபரேட்டர். மாமாவின் தம்பி அதே யுத்தத்தில் சிப்பாய். குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் சிப்பாய் மாமா. கடைசி நாள் முன்வரிசைப் பதுங்குகுழியில் பன்னிரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள். பின்வாங்க உத்தரவு கேட்டு சிப்பாய் மாமா தலைமையகத்துக்குத் தொலைபேசியைச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். காலையிலிருந்து மத்தியானம்வரை. யாரும் எடுக்கவில்லை. பன்னிரண்டில் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் அவர், இடது காது அன்றோடு போயிற்று. எடுக்கவேண்டியவன் என் கூடப்பிறந்தவன், அவன் ஓடிப்போய்விட்டான் என்று ஊர் முழுக்கச் சொன்னார். மாமா அதற்கு ஒரே ஒரு தடவைதான் பதில் சொன்னாராம், ஒரு சாப்பாட்டு வேளையில். "மணி அடிக்கவே இல்ல." சிப்பாய் மாமா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. மாமாவின் சாவுக்கும் வரவில்லை.

மாமா ஏன் அந்த பேட்ஜை எடுத்துத் தம்பியின் முகத்துக்கு எதிரே நீட்டவில்லை என்று எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று. கேட்காதவனிடம் எதற்கு என்று நினைத்திருப்பார். எனக்கும் அந்தக் குணம் உண்டு. அது நல்ல குணம் என்று நான் இப்போது சொல்லமாட்டேன்.

அத்தை சிப்பாய் மாமாவின் மகளுக்கு ஃபோன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். மறுநாள் சிப்பாய் மாமாவிடமிருந்து பதில் வந்தது: கண்ணால் பார்த்தால் நம்புகிறேன், ஆனால் அந்த வீட்டுக்கு வரமாட்டேன்.

"வீட்டுக்கு வரமாட்டாராம். வீம்பை விட்டுட்டு வந்தா கால் தேஞ்சிடும் அவருக்கு," என்றாள் அத்தை. "பொது இடமா ஒண்ணு சொல்லுடா."

அடுத்த மாதம் எங்கள் சங்கத்தின் கண்காட்சி இருந்தது. நான்தான் அதைச் சொன்னேன். நான்தான் பேட்ஜைக் கொண்டுபோய் வெல்வெட்டிடம் கொடுத்தேன்.

வெல்வெட் என்பது சங்கத்தில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர். நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் வெல்வெட் துணிமேல்தான் வைப்பார். டீ டம்ளரைக்கூட வைத்துப் பார்த்திருக்கிறேன். கெட்ட மனிதர் இல்லை. அதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. கெட்ட மனிதராக இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். சங்க அறைக்குக் கீழே வாட்ச் ரிப்பேர் கடை. அந்த வாட்ச்காரர்தான் எங்கள் பேட்ஜ்களுக்கு ஊசி மாற்றுவார், கொக்கி பற்றவைப்பார், கண்ணையும் மூடுவார். கண்ணில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி, தேய்த்து, மேலே அதே நிறத்தில் சாயம் பூசிவிடுவார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. அவர் கையில் அவ்வளவு நேர்த்தி.

கண்காட்சி நாளன்று காலை பதினொரு மணிக்கு அத்தையை அழைத்துப் போனேன். வெளியூருக்குப் போகும்போது மட்டும் எடுக்கும் கைப்பையை மாட்டியிருந்தாள். சிப்பாய் மாமா மகளோடு வந்து படிக்கட்டின் கீழே நின்றிருந்தார். கைத்தடி, நேராக நிமிர்ந்த முதுகு. முப்பத்தெட்டு வருடத்தில் இரண்டு பேரும் எதிரெதிரே நிற்பது அதுதான் முதல் தடவை.

"நல்லா இருக்கீங்களா தம்பி?"

"இந்தக் காது கேக்காது அண்ணி. இந்தப் பக்கம் வாங்க."

அத்தை வலது பக்கம் மாறி நின்று அதே கேள்வியை மறுபடி கேட்டாள். "இருக்கேன்," என்றார்.

மேலே ஐந்து கண்ணாடிப் பெட்டிகள். மூன்றாவது பெட்டியில் நீலம். அத்தை முன்னால் போனாள். நான் பின்னால் வந்ததால் முதலில் அவள் முதுகைத்தான் பார்த்தேன். அந்த முதுகு அசையாமல் நின்றது.

பேட்ஜ் வெல்வெட் துணிமேல் பளபளவென்று கிடந்தது. முழு நீலம். நடுவில் ஒன்றுமில்லை. கீழே தட்டச்சு செய்த அட்டை. சிப்பாய் மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காது கேட்காதவர்கள் படிப்பதுபோல உரக்கப் படித்தார்.

"தலைமையகத் தொலைபேசிப் பிரிவு. கண் இல்லாதது. முறையாக விடுவிக்கப்படாமல் பணியிலிருந்து வெளியேறியவருடையது. மிக அரிது. உதவி: குடும்பத்தார்."

பக்கத்துப் பெட்டியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார்.

"இதைக் காட்டத்தான் கூப்பிட்டீங்களா அண்ணி?"

"ஓட்டை இருந்துச்சு தம்பி."

"எங்க?"

அத்தை என் பக்கம் திரும்பினாள். "ஓட்டை எங்கடா?"

என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாய் வரவில்லை. அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று ஏனோ தோன்றியது. சிப்பாய் மாமாவின் கைத்தடி படிக்கட்டுப் பக்கம் போகும் சத்தம் கேட்டது.

அந்த நேரம் பார்த்து வெல்வெட் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பாத்தியா தம்பி, எப்படி இருக்கு? உங்க மாமாவோடதை நடுப்பெட்டியிலயே வெச்சுட்டேன்."

"கண்ணை யார் மூடச் சொன்னா?"

"உன்னைக் கேட்டேனேப்பா. நீ ஒண்ணும் சொல்லல. நம்ம பையனாச்சேன்னு நானே செலவைப் போட்டு..."

"அந்த அட்டை?"

"கண் இல்லாததுக்கெல்லாம் அதே அட்டைதான். முப்பது அடிச்சு வெச்சிருக்கேன்."

"அது கண் இல்லாதது இல்ல. நீங்க மூடினது. உங்களுக்குத் தெரியும்."

"இப்ப இல்லைதானே?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். பெட்டிக்குள் கண் இல்லை. ஆகவே அட்டை சரி. ஒரு மனிதனை அவன் செத்த பிறகு ஓடிப்போனவனாக ஆக்கிவிட்டு, அதை அழகாகவும் செய்திருக்கிறோம் என்று பாராட்டுக்குக் காத்து நிற்கிறார்.

பிறகு நான் கத்தினேன் என்கிறார்கள். என்ன கத்தினேன் என்பதும் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. படிக்கட்டில் பாதி இறங்கியிருந்த சிப்பாய் மாமாவின் கேட்காத காதுக்கும் விழுகிற மாதிரி இருந்ததாம். அவர் நின்றுவிட்டார். பெட்டிச் சாவி வெல்வெட்டின் இடுப்பில் இருந்தது. கேட்டேன், கொடுத்தார். என் முகத்தைப் பார்த்துக் கொடுத்திருப்பார்.

நாங்கள் ஐந்து பேரும் கீழே வாட்ச் கடையில் நெருக்கியடித்து நின்றோம். வாட்ச்காரர் பேட்ஜைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"என்கிட்ட குடுத்தாங்க, அடைச்சேன். யாரோடதுன்னு விசாரிக்கறது என் வேலையா?"

"இப்ப எடுங்க," என்றேன்.

"எடுக்கலாம். சூடு காட்டினா ஈயம் இறங்கிடும். ஆனா எனாமல் தாங்காது. தெறிச்சிடும்."

வெல்வெட்டுக்கு நிஜமாகவே கண் கலங்கியது. "வேண்டாம்மா," என்று அத்தையிடம் கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னார். "இந்த நீலம் இனிமே கிடைக்காது. அந்தப் பட்டறையே இப்ப இல்ல. நான் வேணா அட்டையை எடுத்துடறேன்."

"எனக்கு எதுக்குங்க நீலம்?" என்றாள் அத்தை.

சிப்பாய் மாமா வாசற்படியிலேயே நின்றிருந்தார். "இருங்க. இப்ப புதுசா ஒரு ஓட்டையைப் போட்டுட்டு, பழசுன்னு சொல்லமாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"நியாயமான கேள்வி," என்றார் வாட்ச்காரர். முக்காலியைத் துடைத்துப் போட்டார். தன் கண்ணில் வைக்கும் லென்ஸை எடுத்து அவரிடமே கொடுத்தார். "கண்ணுல வெச்சுக்கிட்டு நீங்களே பாருங்கய்யா. நான் எதையும் குத்தப்போறதில்ல. வெறும் சூடுதான். பித்தளை இந்தச் சூட்டுக்கு அசையாது. பின்னாடி வந்து ஊத்தின ஈயம் மட்டும்தான் அசையும்."

ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்து, இடுக்கியில் பேட்ஜைப் பிடித்தார். முதலில் மேற்சாயம் கருகியது, கெட்ட நாற்றம். பிறகு ஒரு ஓரத்தில் எனாமல் டிக் என்று தெறித்து மேசைக் கண்ணாடியில் விழுந்தது. இன்னொன்று. வெல்வெட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நடுவில் ஒரு சின்ன மினுமினுப்பு கண்ணீர்போலத் திரண்டு, நழுவி, கீழே இருந்த தட்டில் சொட்டியது.

சுவரில் இருந்த இருபது முப்பது கடிகாரங்களும் ஆளுக்கொரு நேரத்தைக் காட்டிக்கொண்டு ஓடின.

மூன்று மூலை. ஓரங்கள் உள்பக்கமாக மடிந்திருந்தன, அச்சு அழுத்தினால் மடிகிற மாதிரி. முக்காலியில் உட்கார்ந்திருந்த சிப்பாய் மாமா கண்ணிலிருந்து லென்ஸை எடுக்கவில்லை. பேட்ஜ் ஆறும்வரை காத்திருக்காமல் கையை நீட்டினார்.

"சூடுங்கய்யா."

"இருக்கட்டும்."

வாங்கி, சுண்டுவிரல் நகத்தை ஓட்டையில் வைத்துப் பார்த்தார். தெருப்பக்கம் திருப்பி, அதன் வழியாகப் பார்த்தார். என்ன தெரிந்ததோ. ஒரு பஸ் போயிற்று. இன்னொன்றும் போயிற்று.

"அப்ப ஃபோனை ஏன் எடுக்கல?" என்றார் கடைசியில். குரலில் பழைய அதட்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக அதை ஒரு கேள்வியாகக் கேட்டார்.

"மணி அடிக்கவே இல்லன்னு சொன்னாரு தம்பி. கம்பி அறுந்துபோயிருக்கும். அதுக்கு மேல சொல்ல நீங்க விடல. தட்டைத் தள்ளிட்டுப் போயிட்டீங்க."

"தட்டுல என்ன இருந்துச்சுன்னுகூட எனக்கு ஞாபகம் இருக்கு அண்ணி."

"எனக்கும் இருக்கு. கழுவினது நான்தானே."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அத்தையும் அதை எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. பேட்ஜை அவள் கையில் கொடுக்காமல், தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். அத்தை அவரைத் தடுக்கவில்லை. வாசல் வரை போனவர் வெல்வெட்டின் முன்னால் நின்றார்.

"அந்த அட்டையை அடிச்சது நீங்கதானே?"

"ஆமாங்க."

"நானும் அதைத்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். நான் ஒருத்தன் சொன்னது போதும். நீங்க முப்பது அட்டை அடிக்க வேணாம்."

அவ்வளவுதான் நடந்தது.

அடுத்த புதன்கிழமை சிப்பாய் மாமா அத்தை வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு எல்லாப் புதன்கிழமையும் வந்தார். சாப்பிடுவார், செய்தித்தாள் படிப்பார், போவார். மாமாவைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. அத்தை மூன்று வருடம் கழித்து, மழைக்கால ஆரம்பத்தில் இறந்தாள். சிப்பாய் மாமா அவள் சாவுக்கு வந்து, கடைசிவரை இருந்தார். ஒன்றரை வருடம் கழித்து அவரும் போனார். பேட்ஜ் அவர் சட்டைப் பையில் இருந்ததாக மகள் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள்.

வாட்ச்காரர் கண் மூடும் வேலையை விட்டுவிட்டார். கேட்டால் பார்வை மங்கிவிட்டது என்கிறார். ஆனால் பெண்களின் சின்ன வாட்சுகளை இன்னும் பிரித்துப் பூட்டிக்கொண்டுதான் இருக்கிறார். வெல்வெட் இப்போதும் தலைவர். கண் மூட வேறு ஊரில் ஆள் பிடித்திருக்கிறார். மூடியவற்றின் அட்டையில் 'மூடப்பட்டது' என்று ஒரு வார்த்தை சேர்க்கச் சொல்லி மூன்று கடிதம் எழுதினேன். மூன்றாவதற்குப் பதில் வந்தது: அட்டையில் இடமில்லை. நான் சங்கத்திலிருந்து விலகிவிட்டேன். கண் இல்லாத என் பேட்ஜ்களை விற்கவும் இல்லை, வெளியே எடுக்கவும் இல்லை. அவற்றில் எது ஓடியவனுடையது, எது மூடியது என்று எனக்குத் தெரியாது. மாமாவுடையது என் மீட்டர் பையில் இருக்கிறது. நீலம் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. சங்கத்தில் யாரும் அதைச் சும்மா கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள்.